கேட்டதால் வந்த பதில்

சின்ன மகள் குப்பம்மா செத்துப்போன மறுநாளிலிருந்து பரந்தாமன் தன் மனைவி நாகம்மாளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சனிக்கிழமை அவளுக்கு என்ன கொடுத்தாய்?

ஆரம்பத்தில் மெதுவாகத்தான் கேட்டான். நாகம்மாளும் பொறுமையாகச் சொன்னாள். காலையில் பழைய சோறும் வெங்காயமும். அப்புறம் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு வண்டியில் பூந்தமல்லி சந்தைக்குப் போய் வந்தது. மத்தியானம் கேழ்வரகுக் களி, கீரை. சாயங்காலம் ஒன்றுமில்லை. ராத்திரி சோறும் ரசமும். பெரியவள் ராணிக்கு என்ன கொடுத்தாய்? அதேதான். ஒரே தட்டு, ஒரே சொம்பு, ஒரே பாய்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் இரண்டு பேருக்கும் வாந்திபேதி கண்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குப்பம்மா போய்விட்டாள். ஆறு வயது. ராணி மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்களே, அதற்கு அடுத்த வருஷத்துச் சித்திரை அது. அவர்கள் ஊரான அயனம்பாக்கத்தில் அந்த மாதம் பதினாலு பேர் படுத்தார்கள். ஆறு பேர் எழுந்திருக்கவில்லை.

குப்பம்மாவுக்கு முன்னால் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து தங்காமல் போயிருந்தன. அதனால் இவள் பிறந்ததும் பரந்தாமனின் அக்கா தாயம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் போட்டாள். பிறகு முறத்தில் வாரி எடுத்து, ஒரு பிடி தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லி வீட்டுக்குள் கொண்டு வந்தாள். பேரும் அப்படித்தான் வைத்தார்கள். குப்பை என்று நினைத்து எமன் தாண்டிப் போய்விடுவான் என்று கணக்கு. ராணி என்று பேர் வைத்தவளை விட்டுவிட்டுக் குப்பையைத் தேடி எடுத்துப் போனானே என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பரந்தாமன் காதிலும் விழுந்தது.

பரந்தாமனுக்கு ஆவடியில் வேலை. பட்டாளத்துச் சாமான் இறங்குகிற கிடங்கில் எழுத்தன். ஏரிக்கரை வழியாக சைக்கிளில் போய் வருவான். ஒரு பெட்டி உடைந்து வந்தால் அவன் கைக்கு வரும். சேதப் படிவத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். ரயிலிலிருந்து இறக்கியவன் யார், அவன் இறக்கும்போது நன்றாக இருந்ததா, முந்தின ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டவன் யார். இப்படிப் போய்க்கொண்டே இருந்தால் எங்கேயோ ஓரிடத்தில் முட்டும். அங்கேதான் உடைந்தது. பெருக்கல் குறி போட்டுவிட்டு எழுந்து டீ குடிக்கப் போகலாம். ஏழு வருஷமாக அவனுக்கு முட்டாமல் போனதில்லை.

வேறு எப்படித் தேடுவது என்று அவனுக்குத் தெரியாது. தினமும் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆரம்பிப்பான். களியை யார் முதலில் தின்றது? சொம்பில் கடைசித் தண்ணீர் யாருக்கு? வண்டியில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாள்? நாகம்மாள் முதல் மாதம் பதில் சொன்னாள். இரண்டாவது மாதம் அழுதாள். மூன்றாவது மாதம் இரண்டும் இல்லை. அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து சாம்பலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

தாயம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அவளை ஏன் கேட்கிறாய், போனவளையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்றாள்.

கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பம்பை அடித்து நீர்க்கரையிலிருந்து அழைப்பார்கள். அவள் யார் மேலாவது இறங்கி, ஏன் போனேன், எனக்கு என்ன குறை என்று சொல்லுவாள். அப்புறம் புதுத் துணியும் பூவும் வைத்து வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். ஆடி மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை, வெயில் தாழ்ந்ததும், அயனம்பாக்கம் ஏரிக்கரையில் அழைத்தார்கள். பம்பைக்காரன் துலுக்கானம். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் நின்றார்கள். தாயம்மா மேல்தான் வரும் என்று எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத்தான் எப்போதும் வரும்.

வந்தது நாகம்மாள் மேல். நின்ற இடத்திலேயே ஆடினாள். தலைமுடி அவிழ்ந்தது. துலுக்கானம் பம்பையைத் தாழ்த்திக்கொண்டு அருகே போனான்.

"ஏம்மா பூட்டே? இன்னா கொற உனுக்கு?"

சின்னக் குரலில் பதில் வந்தது. "சந்தையில அம்மா வெள்ளரிப்பயம் வாங்கிக் குட்த்துச்சி. வெட்டி வெச்சது. ஈ மொச்சிகினு இருந்துச்சி. அத்தத் தின்னேன்."

பம்பை நின்றது. தாயம்மா வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு அழுதாள். பரந்தாமனுக்கு அழுகை வரவில்லை. அவனுக்கு வந்ததை வெளியே சொல்ல முடியாது. பெட்டி எங்கே உடைந்தது என்று தெரிந்துவிட்ட நிம்மதி அது.

அன்று ராத்திரி அவன் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. செத்தவள் சொன்னதற்கு மேல் கேள்வி கிடையாது. அருள் வந்து பேசியவளிடம் போய், நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று விசாரிப்பதும் வழக்கம் இல்லை. பேசியது அவள் அல்லவே. அவளுக்கு ஞாபகம் இருக்காது என்பார்கள். ஆகவே அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது. மற்றப் பேச்சும் முடிந்தது. பானையிலிருந்து தண்ணீரை அவனே மொண்டு குடித்தான். அவள் வைத்த சோற்றைத் தின்றான், நிமிர்ந்து பார்க்கவில்லை. நைனா, சோறு ஆயிடுச்சாம் என்று ராணி வந்து சொல்லுவாள். அம்மாவ விளக்கேத்தச் சொல்லு என்று அவன் ராணியிடம் சொல்லுவான். தாயம்மா தோட்டத்திலிருந்த வெள்ளரிக் கொடியைப் பிடுங்கிப் போட்டாள்.

இப்படி ஐந்து மாதம்.

தை மாதம் கிடங்குக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே கண்ணாடிச் சாமான். உடையாமலிருக்கச் சுற்றிலும் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையைக் கிழித்துக் கசக்கித் திணித்திருந்தார்கள். சாமானை எண்ணி எழுதிய பிறகு பரந்தாமன் காகிதத்தை நீவிப் பார்த்தான். அணு என்ற சொல் கண்ணில் பட்டது. பத்தாவது படித்தபோது அவனுக்கு அந்தப் பாடம் பிடிக்கும். ஏழு தாள் கிடைத்தது. நடுவில் இரண்டும் கடைசியும் இல்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தான். மூன்று வாரம் ஆயிற்று. பாதி புரியவில்லை. புரிந்த பாதியை நம்ப முடியவில்லை.

ரேடியம் என்று ஓர் உலோகம். அதன் அணுக்கள் தாமாகவே உடைகின்றன. ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டால் ஆயிரத்து அறுநூறு வருஷத்தில் சரியாகப் பாதி உடைந்திருக்கும். அது தெரியும். ஆனால் அடுத்து உடையப் போவது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அது கிழட்டு அணு என்றோ, விரிசல் விட்ட அணு என்றோ இல்லை. எல்லாம் ஒன்றே போல. ஒன்று இந்த நிமிஷம் உடைகிறது, பக்கத்தில் இருப்பது பத்தாயிரம் வருஷம் அப்படியே இருக்கிறது. ஏன் இது, ஏன் அது இல்லை? காரணம் இருந்து நமக்குத் தெரியாமல் இல்லை, காரணம் என்று ஒன்றே இல்லை என்று நினைக்கிறோம் என எழுதியிருந்தது.

இந்த வரியை அவன் பென்சிலால் கோடிட்டான்.

வேறொரு தாளில் இன்னொன்று இருந்தது. மிகச் சிறிய பொருள்களிடம் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் ஓர் இடத்தைக் காட்டும். ஆனால் கேட்பதற்கு முன்னாலும் அது அங்கேதான் இருந்தது என்று நினைக்கக் கூடாது. கேட்டதால்தான் அங்கே வந்தது. இதற்கு அடுத்த தாள் இல்லை. எழுதினவன் விளையாடுகிறான் என்று பரந்தாமன் நினைத்தான். இருக்கிற இடத்தைத்தானே கேட்டால் சொல்லும்? அந்தத் தாளை அடியில் வைத்துவிட்டான்.

கிடங்கில் அவனுடைய கூட்டாளி ஜெயராமன். சரக்கு ரயிலில் கார்டு. ஆவடியில் வண்டி நிற்கிற நேரமெல்லாம் பரந்தாமனின் மேஜையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவான். என்ன மாமே, பெட்டியைப் பார் என்றால் காகிதத்தைப் பார்க்கிறாய் என்றான். பரந்தாமன் சொன்னான். ஜெயராமன் வெற்றிலையை மென்றபடி கடைசி வரைக்கும் கேட்டான்.

"காரணமே இல்லாம ஒடியுதா? அப்போ அதுக்கு சேதப் படிவம் எய்தினா யார் கையெழுத்துப் போடுவான், மாமே?"

பரந்தாமன் சிரித்தான். சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. ஜெயராமன் அதைப் பார்த்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினான். ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடம் வாங்கியது. இருட்டில் எண்கள் பச்சையாகத் தெரியும். இதில் தடவியிருப்பதும் ரேடியம்தானாம், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வைத்துக்கொள், கீழே போட்டால் படிவம் நீதான் எழுத வேண்டும் என்றான்.

சைக்கிளில் திரும்பும்போது பரந்தாமன் யோசித்துக்கொண்டே வந்தான். கடுகு தாளிக்கிற மாதிரி என்று முதலில் தோன்றியது. ஒரே எண்ணெய், ஒரே சூடு, எது முதலில் வெடிக்கும் என்று சொல்ல முடியாது. உடனே அது சரியில்லை என்றும் தோன்றியது. கடுகில் பெரியது சிறியது உண்டு, ஈரம் காய்ச்சல் உண்டு. தேடினால் காரணம் கிடைக்கும். வாந்திபேதியும் கடுகு மாதிரிதான். ஏதோ கிருமி, ஏதோ ஒரு வாய்த் தண்ணீர். அங்கே காரணம் இல்லாமல் இல்லை. அதைத் தேடிப் போக வழி இல்லை, அவ்வளவுதான். ரேடியம் அப்படி அல்ல. என் பெண் ரேடியம் அல்ல என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் அந்தக் கோடிட்ட வரி மனத்தை விட்டுப் போகவில்லை. உலகத்துக்கு அடியிலேயே காரணம் இல்லாத ஓரிடம் இருந்தால், மேலே நிற்கிற தான் ஏன் ஒவ்வொன்றுக்கும் ஒருத்தியை நிற்க வைத்துக் கையெழுத்துக் கேட்க வேண்டும்? வெள்ளரிப்பழமே ஆனாலும், வெயிலில் அலைந்த பிள்ளை கேட்டால் எந்தத் தாய்தான் வாங்கிக் கொடுக்க மாட்டாள்?

இதை நாகம்மாளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நெல் கொட்டி வைக்கிற உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதற்கு ஜன்னல் கிடையாது. கதவிடுக்கில் சாக்கை அடைத்தான். கண் பழகுவதற்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கிடங்கில் பொடி எழுத்துப் படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கடிகாரத்தின் மேல் பிடித்தான். முதலில் பச்சைப் புகை மாதிரி இருந்தது. கண்ணாடியை ஏற்றி இறக்கினதும் புகை உடைந்தது. ஆறு என்ற எண் முழுக்கப் பொறி. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, சத்தமே இல்லாமல் மின்னி மின்னி அணைந்தன. ஒவ்வொரு மின்னலும் ஓர் அணு உடைவது என்று தாளில் இருந்தது. அடுத்தது எங்கே என்று அவன் ஊகித்துப் பார்த்தான். ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை.

சாக்கைத் தள்ளிக் கதவை ஒரு விரற்கடை திறந்து, "நாகு, இங்க வா" என்றான்.

ஐந்து மாதத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. அவள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். பாம்பு ஏதாவது வந்துவிட்டதோ என்று முகம் வெளுத்திருந்தது. அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான். கண் பழகட்டும், உட்கார் என்றான். இருட்டில் அவள் மூச்சு விடுவது கேட்டது. நெல் வாசனையும் அவள் மேல் புளி வாசனையும். பிறகு கண்ணாடியை அவள் கையில் கொடுத்தான்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னா இது?"

அவனுக்குத் தெரிந்தவரை சொன்னான். எல்லாம் ஒரே மாதிரிதான், ஒன்று போகிறது, ஒன்று இருக்கிறது, யார் மேலும் தப்பில்லை, காரணம் இல்லை என்று பெரிய பெரிய படிப்பாளிகள் சொல்கிறார்கள் என்றான். கடிகாரத்தைப் பற்றித்தான் பேசினான். அவன் யாரைச் சொல்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"அதுங்கள ஆரும் ஏரிக்கரைக்கிக் கூட்டிகினு போயி கேக்கலியா?" என்றாள்.

வெளியே ராணி பாண்டி ஆடுகிற சத்தம் கேட்டது. ஓட்டாஞ்சில்லு தரையில் விழுந்து சறுக்கியது.

"அன்னிக்கி அவ வர்ல" என்றாள் நாகம்மாள்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. எவள் என்று கேட்கப் போனான். அதற்குள் தெரிந்துவிட்டது.

"நான்தான் சொன்னேன். நீ தெனம் கேட்டுகினே இருந்தே. எத்த சொன்னாலும் பத்தல உனுக்கு. எதனா ஒண்ணு சொன்னாத்தான் உடுவேன்னு தெரிஞ்சி போச்சி. என் வாயால சொன்னா நம்ப மாட்டே. அதான் அவ வாயால சொன்னேன்."

"அப்போ வெள்ளரிப்பழம்?"

கேட்ட பிறகுதான் கேட்டது தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, இனி இவளை ஒன்றும் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டான். இருட்டில் அவள் சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு இல்லை.

"அவ எங்க வெள்ளரிப்பயம் தின்னா? வாசன கண்டாலே மூக்கப் புட்சிகினு ஓடுவா. வாயில வெச்சாத் துப்பிடுவா. அவகூட ஒக்காந்து தின்னவங்களுக்குத் தெரியும். அதனாலதான் அத்தச் சொன்னேன். நீ அவ அப்பன். கேட்ட ஒடனே, இது பொய்யின்னு எய்ந்து வருவேன்னு நெனச்சேன்."

பரந்தாமன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். குப்பம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவதை நினைத்துப் பார்க்க முயன்றான். அப்படி ஒரு காட்சி அவனிடம் இல்லை. அவள் கடைசி நாளின் ஒவ்வொரு நாழிகையும் அவனுக்கு மனப்பாடம். அதற்கு முந்தின ஆறு வருஷம் அவன் ஆவடியில் இருந்தான்.

நான் தப்பு செய்துவிட்டேன் என்றான். நீ ஒன்றும் கொடுக்கவில்லை, உன் மேல் ஒன்றும் இல்லை, அக்காவிடமும் சொல்லிவிடுகிறேன் என்றான். அவள் கண்ணாடியை அவன் மடியில் வைத்தாள்.

"இப்போ எனுக்கே தெரியலய்யா" என்றாள். "அன்னிக்கி நான் குடுக்கல. அது நெசம். ஆனா அஞ்சி மாசமா நீ என் மொகத்தப் பாக்கல. அக்கா கொடியப் புடுங்கிப் போட்டாங்க. தெருவுல பொம்பளைங்க புள்ளைங்கள இட்டுகினு அந்தாண்ட போறாங்க. கண்ண மூட்னா சந்த தெரியுது. ஈ தெரியுது. நான் வாங்கித் தரேன். அவ கைய நீட்டி வாங்கி, மூக்கு கூடப் புடிக்காம, என்னியப் பாத்துகினே தின்றா. நான் சொன்ன பொறவு குடுத்தா மாரி ஆயிட்ச்சி. இனிமே நீ இல்லேன்னு சொன்னா அது இல்லாம பூடுமா?"

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். வெளிச்சம் அறை முழுக்கக் கொட்டியது. கடிகாரத்தில் பொறி எதுவும் இல்லை. மணி ஒன்றே காலைக் காட்டியது.

அடியில் வைத்த தாள் அவனுக்கு அப்போது ஞாபகம் வந்தது. கேட்டதால்தான் அங்கே வந்தது. அடுத்த தாளில் என்ன எழுதியிருக்கும், வந்ததைத் திருப்பி அனுப்ப வழி சொல்லியிருப்பார்களா என்று நினைத்தான். அது அணுவைப் பற்றியது என்றும், அதைத் தன் வீட்டுக்குக் கொண்டு வருவது சரியில்லை என்றும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

மறுநாள் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, தெரிந்ததா மாமே என்று ஜெயராமன் கேட்டான். தெரிந்தது என்றான் பரந்தாமன். ஜெயராமன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் போனான்.

தாயம்மாவிடமும் சொன்னான். அவள் நம்பவில்லை. அருள் வந்தவளுக்கு என்ன பேசினோம் என்று தெரியாது, உன்மேல் இரக்கப்பட்டு இப்போது மாற்றிச் சொல்கிறாள் என்றாள். தெய்வ வாக்கைப் பொய் என்று சொல்லாதே தம்பி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சித்திரையில் வருஷம் திரும்பியது. படையல் போட வேண்டும். கூடத்தில் வாழையிலை விரித்து, சின்னப் பாவாடை, வளையல், ஒரு முழம் மல்லி எல்லாம் வைத்தார்கள். போனவளுக்குப் பிடித்த தின்பண்டத்தை அவளைப் பெற்றவன் கையால் இலையில் வைப்பது முறை. குப்பம்மாவுக்கு என்ன பிடிக்கும், கொண்டு வா என்றாள் தாயம்மா.

பரந்தாமன் எழுந்து அடுக்களை வாசல் வரை போனான். நாகம்மாள் அடுப்புக்கு எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தான். இனி அவளை ஒன்றும் கேட்பதில்லை என்று அந்த உள்ளறையில் நினைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. கேட்காமல் நின்றான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாணலியில் எதையோ வறுத்துக்கொண்டிருந்தாள். சூடு ஏற ஏற அவை ஒவ்வொன்றாகத் தோல் வெடித்தன. இறக்கி ஆறவைத்து, உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதிவிட்டு, ஒரு பிடி அள்ளிப் பின்னால் நீட்டினாள்.

புளியங்கொட்டை.

பரந்தாமன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். இன்னும் சுட்டது. கொண்டுபோய் இலையில் வைத்துவிட்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.